அத்தையின் கரண்டி ரயில்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில், லிஃப்டுக்கு எதிரே இருக்கும் வீட்டில் பகல் முழுக்கப் பிள்ளைகள் சத்தம். அந்த வீட்டுக்காரி பெற்ற பிள்ளை அதில் ஒன்றுகூட இல்லை. வேலைக்குப் போகும் அம்மாக்கள் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சாயங்காலம் கூட்டிக்கொண்டு போகும் பிள்ளைகள்தான் அத்தனையும். பிள்ளைகள் அவளை அத்தை என்று கூப்பிடும். அதைக் கேட்டுக் கேட்டு அம்மாக்களும் அத்தை என்றார்கள், தபால்காரரும் அத்தை என்றார், அவளைவிட மூத்தவரான வாட்ச்மேனும் அத்தை என்றார். "எனக்கு அண்ணன் வயசுல இருந்துக்கிட்டு என்னையப் போய் அத்தைங்கறீங்களே" என்று அவரை மட்டும் தினமும் வம்புக்கு இழுப்பாள்.

அத்தையைச் சாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பிள்ளையைக் கூப்பிட நேரங்கழித்து வரும் அம்மாக்களை அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், மறுநாள் அவர்கள் அலுவலகத்தில் பொய் சொல்லிவிட்டாவது சீக்கிரம் கிளம்பி வந்துவிடுவார்கள். அவள் போடும் அதட்டலில் இரண்டாவது மாடிப் பூனை தூக்கம் கலைந்து எழுந்து உட்காரும். ஆனால் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்ட பிள்ளை அம்மாவைத் தேடாது, நேராக அவள் மடியைத்தான் தேடும். இதற்கு மேல் அவளைப் பற்றி நற்சான்று எதற்கு?

கூடத்தில் சிவப்புப் பாய் ஒன்று. சுவரில் மின்சாரப் பிளக் ஓட்டைகளுக்கெல்லாம் ஒட்டுத்தாள். ஜன்னல் கம்பியில் சின்னச் சின்னத் துவாலைகள். வாசலில் கிரில் கதவு, அதற்கு இந்தப் பக்கம் குட்டிச் செருப்புகள், ஜோடி சேராமல். அத்தையின் கணவர் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வீடு திரும்பியதும் அந்தச் செருப்புகளைத் தாண்டுவதற்குள் இரண்டு முறை தடுக்கிவிடும். "பத்து மாடி ஏறி வேலை பாக்கறேன், ஒரு நாள் கால் இடறினதில்ல. என் சொந்த வாசல்லதான் என் உயிர் போகப்போகுது" என்பார். சொல்லிக்கொண்டே ஓடாத பொம்மைக் காருக்கு எண்ணெய் விட உட்கார்ந்துவிடுவார்.

அந்த வீட்டில் பெயர் வாங்கியது சாப்பாட்டு நேரம்தான். தங்கள் வீட்டில் ஒரு வாய் வாங்க ஒரு மணி நேரம் ஓடவிடும் பிள்ளைகள், அத்தை வீட்டில் மளமளவென்று தின்றுவிட்டுத் தட்டை வழிக்கும். அம்மாக்களுக்கு இது பெரிய அதிசயம். ரகசியம் இதுதான்: பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார வேண்டும். நடுவில் அத்தை, மடியில் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் குழைந்த சோறும் காய்கறியும், கையில் நீளக் கரண்டி ஒன்று. கரண்டிதான் ரயில். ஒவ்வொரு வாயும் ஒரு நிலையம். ரயில் கூவிக்கொண்டு வரும், வாய் திறந்தால் சரக்கை இறக்கிவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போகும். வாய் திறக்காத நிலையத்தில் ரயில் நிற்காது. நிற்காமல் போய்விட்ட ரயிலைப் பார்த்து வாயைப் பொளந்துகொண்டு அழாத பிள்ளை உலகத்தில் உண்டா என்ன?

ரயில் புறப்படும் இடம் அத்தையின் வாய். சோறு சுடுகிறதா என்று பார்க்க வேண்டாமா? ஒவ்வொரு சுற்றுக்கும் முதல் கரண்டியை ஊதி, தன் நாக்கில் வைத்துப் பார்த்து, மிச்சத்தோடு முதல் நிலையத்துக்குக் கிளம்புவாள். பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டில் ஒரு பிள்ளையின் நாக்கும் சுட்டதில்லை. அதில் அவளுக்கு அத்தனை பெருமை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த ரயிலில் ஏறவே மாட்டேன் என்று ஒருத்தி வந்து சேர்ந்தாள்.

பேருந்து நடத்துநராக வேலை பார்க்கும் ஒரு பெண் புதிதாக நாலாவது மாடிக்குக் குடிவந்தாள். புருஷன் கப்பலில் இருந்தான், வருஷத்துக்கு ஒருமுறை வருவான். மூன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. நடத்துநரின் மகள், ஆளும் பொடி, ஓடினால் சட்டைப் பையிலிருக்கும் பாசிமணிகள் சலசலக்கும். அத்தையின் கணவர் முதல் நாளே அவளுக்குச் சில்லறை என்று பெயர் வைத்துவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது.

"டிப்போவில கேட்டுப் பாத்துட்டேன் அத்தை. பிள்ளைய விட இடம் இருந்தாத்தான் பகல் ஷிஃப்ட், இல்லாட்டி வேலையில இருக்க முடியாதுன்னு சொல்லிட்டாங்க. உங்களை நம்பித்தான் வந்திருக்கேன்" என்றாள் நடத்துநர்.

"நம்பி வந்துட்டல்ல, விடு. நாளைக்கே கொண்டு வா" என்றாள் அத்தை.

சில்லறை சமர்த்துதான். அழவில்லை, கடிக்கவில்லை, பாயை நனைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒற்றைக்காலில் நின்றாள். ரயில் வந்தது, வாயை இறுக மூடிக்கொண்டாள். இரண்டாம் முறை வந்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா கொடுத்துவிட்ட தகர டப்பாவைத் திறந்து, அதிலிருந்ததைத் தானே தன் கையால் எடுத்து, வட்டத்துக்கு வெளியே சுவரோரம் உட்கார்ந்து தின்றாள். அத்தைக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. எத்தனை அடங்காப்பிடாரிகளை வழிக்குக் கொண்டுவந்தவள் அவள். இந்த ஒன்றரை அடிப் பொடுசு பிடி கொடுக்க மாட்டேன் என்கிறதே.

"ஏண்டி, அத்தை கையால ஒரு வாய் வாங்கினா உனக்கு என்ன குறைஞ்சு போகும்?"

"வேணாம்" என்றாள் சில்லறை. அவ்வளவுதான் அவள் பேச்சு.

சில்லறை வந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். அங்கே வரும் பிள்ளைகளில் ஒன்றான தையல்காரியின் மகளுக்குக் காய்ச்சல். கழுத்திலும் நெஞ்சிலும் பொடிப்பொடியாகச் சிவந்திருந்தது. தையல்காரி பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். அத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, "இது பாயோட சாயம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பிள்ளைகள் வியர்க்க வியர்க்கப் புரளும் சிவப்புப் பாய் அது. உடனே வாளியில் போட்டு ஊறவைத்தாள். வாளித் தண்ணீர் சிவந்து போனது. "பாத்தீங்களா, நான் சொல்லல?" என்று வாளியையே தூக்கிக்கொண்டுபோய் வாட்ச்மேனிடம் காட்டினாள். சிவப்புப் பாயை ஊறவைத்தால் தண்ணீர் பச்சையாகவா மாறும்? அதை அவளிடம் எடுத்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

அதற்கடுத்துப் படுத்தவன் தொப்பை. வங்கியில் வேலை பார்க்கும் அம்மாவின் மகன், வட்டத்தில் முதல் நிலையம் அவன்தான், அத்தைக்குச் செல்லப்பிள்ளை. காலையில் விளையாடிக்கொண்டிருந்தவன் மத்தியானம் சுருண்டு படுத்தான். எச்சில் விழுங்க முடியவில்லை என்று அழுதான். சீக்கிரமே வீட்டுக்கு வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் அவன் முதுகைத் தடவிக் கொடுத்தவர், கையை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, உப்புத்தாள் மாதிரி சொரசொரங்குது?"

இரும்பைத் தேய்த்துத் துரு எடுக்கும் உப்புத்தாள் அவர் கைக்குத் தினசரிப் பழக்கம். அத்தையும் தொட்டுப் பார்த்தாள். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. கன்னம் இரண்டும் சிவந்திருக்க, வாயைச் சுற்றி மட்டும் வெளிறிப்போயிருந்தது. பாய் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, ஆக இந்த முறை அதன்மேல் பழி போட வழியில்லை.

வங்கிக்காரம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழந்தைகள் டாக்டரிடம் ஓடினாள். அத்தையும் கூடவே போனாள். டாக்டர் நடுவயதுப் பெண், நிதானமான ஆள். தொப்பையை நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு செக்கச்செவேலென்று, பொரிப்பொரியாக இருந்தது. பஞ்சு சுற்றிய நீளக் குச்சியால் தொண்டையின் உட்புறத்தைத் துடைத்தெடுத்துச் சோதித்தார்.

"இது ஸ்கார்லெட் காய்ச்சல். பயப்பட வேண்டாம், மருந்து இருக்கு" என்றார்.

"அம்மையா டாக்டர்?" என்று கேட்டாள் வங்கிக்காரம்மா. 

"இல்லம்மா, அது வேற. இது ஒரு பாக்டீரியாக் கிருமி, ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு பேரு. தொண்டையில உக்காந்துக்கும். அது ஒரு விஷத்தைக் கக்கும். அந்த விஷம்தான் ரத்தத்துல கலந்து தோல்ல இப்படிச் சிவப்பாத் தெரியுது. வியாதி இருக்கறது தொண்டையில, தோல்ல இல்ல. அதனால மேல பூசற எதுவும் இதுக்கு உதவாது."

பாயை ஊறவைத்த அத்தை வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

டாக்டர், பிள்ளைக்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று விசாரித்துவிட்டு பெனிசிலின் வகை மருந்து எழுதினார். "பத்து நாள் கொடுக்கணும். ரெண்டு மூணு நாள்லயே பையன் எழுந்து ஓடுவான். நல்லாத்தான் ஆயிட்டானேன்னு நீங்க மருந்தை நிறுத்தக் கூடாது. அரைகுறையா விட்டா பின்னாடி இதயத்தையோ சிறுநீரகத்தையோ தொடலாம். நிறைய தண்ணி, குளிர்ந்த மெத்துமெத்துன்னு இருக்கற சாப்பாடு. விரல் நுனியில தோல் உரியும், அதுக்கும் பயப்படாதீங்க, தானா சரியாயிடும்."

"எங்கிருந்து வந்துச்சு இது?" என்றாள் வங்கிக்காரம்மா.

"இருமல், தும்மல், எச்சில். ஒருத்தர் வாயிலருந்து இன்னொருத்தர் வாய்க்கு. மருந்து ஆரம்பிச்சு முழுசா ஒரு நாள் போயிட்டா அப்புறம் ஒட்டாது."

எச்சில் என்ற சொல் அத்தையின் காதில் விழுந்தது. ஆனால் மண்டையில் ஏறவில்லை. அவளுக்கு எச்சில் என்றால் துப்புவது. பிள்ளைக்கு ஊட்டுவது எச்சில் ஆகுமா? அவள் அப்போது தொண்டையைச் செருமிக்கொண்டாள். நாலைந்து வாரமாகவே தொண்டை கரகரப்பு. நாளெல்லாம் கதை சொல்லி, ரயில் மாதிரி கூவி, பிள்ளைகளை அதட்டினால் தொண்டை கட்டாதா? வெந்நீர் குடித்துவிட்டு அவள் பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அம்மாக்கள் கிரில் கதவருகே கூடினார்கள். பேச்சு எங்கே சுற்றியும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"நான் ஒண்ணு சொன்னா தப்பா நினைக்கக் கூடாது அத்தை" என்றாள் வங்கிக்காரம்மா. தப்பாக நினைக்க வேண்டியதைச் சொல்லப்போகிறவர்கள்தான் இப்படி ஆரம்பிப்பார்கள். "பன்னெண்டு வருஷமா இங்க இப்படி ஒண்ணு வந்ததில்ல. புதுசா ஒரு பிள்ளை வந்துச்சு, ரெண்டே வாரத்துல ஆரம்பிச்சிருச்சு. அவங்கம்மா நாள் முழுக்க பஸ்ஸுல நூறு பேரோட மூச்சுக்காத்துல நிக்கிறாங்க. நான் யாரையும் குத்தம் சொல்லல."

"அந்தப் பிள்ளை நல்லாத்தான்மா இருக்கு" என்றாள் அத்தை.

"அதுதான் எனக்குச் சந்தேகம். கொண்டாந்தவங்களுக்கு ஒண்ணும் ஆகாது, வாங்கினவங்கதான் படுப்பாங்க. அந்தப் பிள்ளை இங்க இருக்கற வரைக்கும் என் பையனை அனுப்ப முடியாது அத்தை."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.  அத்தை கணக்குப் போட்டாள். ஆறு பிள்ளைகளா, ஒரு பிள்ளையா? அவள் மனசுக்குள் இன்னொரு குரலும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்: என் கையால் ஒரு வாய் வாங்காத பிள்ளைதானே.

மறுநாள் காலை நடத்துநர் காக்கிச் சீருடையோடு சில்லறையைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, அத்தை கிரில் கதவைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினாள்.

"கொஞ்ச நாளைக்கு வேற எங்கயாவது பாத்துக்கோ தங்கச்சி. பிள்ளைங்களுக்கு உடம்பு சரியில்ல."

"எத்தனை நாளைக்கு அத்தை?"

"எல்லாம் அடங்கட்டும்."

நடத்துநர் எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள்.  சில்லறை கம்பிக்குள் கைவிட்டுத் தன் பாசிமணி ஒன்றை எடுக்கப் பார்த்தாள், முந்தைய நாள் உள்ளே உருண்டது அது. அம்மா அவள் கையை மெல்ல இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அந்த வாரம் காய்கறி வாங்கப் போன அத்தை தெருமுனைக் காய்கறி வண்டியருகே நின்றுகொண்டிருந்தாள். பேருந்து ஒன்று நிறுத்தத்தில் வந்து நின்றது. ஓட்டுநருக்குப் பக்கத்தில், இஞ்சின் பெட்டியின் மேல் துணி விரித்து, தகர டப்பாவை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு சில்லறை உட்கார்ந்திருந்தாள். கூட்டத்துக்குள்ளிருந்து அவள் அம்மாவின் குரல் கேட்டது, சீட்டு சீட்டு என்று. பேருந்து போய்விட்டது. அத்தை வெண்டைக்காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"டிப்போவில ஏற்கனவே ஒரு தடவை கண்டிச்சிட்டாங்களாம்" என்றார் காய்கறி வண்டிக்காரர். "இன்னொரு தடவை பிள்ளையோட பாத்தா வீட்டுக்கு அனுப்பிருவாங்களாம். பாவம், நல்ல பொண்ணு."

அன்றைக்கு அத்தை வாங்கிய வெண்டைக்காயெல்லாம் முற்றல். அவள் வாழ்க்கையில் முற்றல் வெண்டைக்காய் வாங்கியது அந்த ஒரு நாள்தான்.

பாய் துவைத்தாயிற்று. சில்லறையை நிறுத்தியாயிற்று. பொம்மைகளையெல்லாம் கொதிநீரில் போட்டு எடுத்தாயிற்று, அதில் ஒரு வாத்து உருகிக் கோணிக்கொண்டது. தொப்பை பத்து நாள் மருந்தும் முடித்து, விரல் நுனித் தோல் உரிந்து, கன்னம் பளபளக்கத் திரும்பி வந்தான். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ரயில் வழக்கத்தைவிட நீளமாகக் கூவியது. முதல் வாய் அவளுக்கு, இரண்டாம் வாய் தொப்பைக்கு.

அந்த வாரம் முடிவதற்குள் பேக்கரிக்காரரின் இரட்டைப் பிள்ளைகள் இருவரும் படுத்தார்கள். அதற்கு மறுநாள் தொப்பைக்கு மறுபடியும் தொண்டை வலி.

வங்கிக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. சில்லறை போய் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறதே, இனி யாரைச் சொல்வது?

அத்தை தானே டாக்டரிடம் போனாள். தனியாகப் போனாள். வீட்டில் இருந்த பொருள் எதையெல்லாம் துவைத்தாள், எதையெல்லாம் கொதிக்க வைத்தாள், வாத்து எப்படிக் கோணிப்போனது என்பது வரை ஒன்று விடாமல் சொன்னாள். டாக்டர் வாத்துக் கதைக்குச் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"சரி, இத்தனை பேருக்கு வந்திருக்கு. வராத பிள்ளைங்க யாரு?"

அத்தை விரலை மடக்கினாள். தையல்காரி மகள், வந்தது. தொப்பை, இரண்டு தரம். இரட்டையர், வந்தது. மற்ற இரண்டு பேருக்கும் லேசாகத் தொண்டை வலி இருந்ததாக அம்மாக்கள் சொன்னார்கள். மடக்காத விரல் ஒன்றுதான் மிச்சம்.

"ஒரே ஒரு பொண்ணு. அதை நான் நிறுத்திட்டேன்."

"மத்த பிள்ளைங்ககிட்ட இல்லாத பழக்கம் ஏதாவது அதுக்கு உண்டா? சேர்ந்து விளையாடாதா?"

"விளையாடும். ஒண்ணாத்தான் தூங்கும், ஒண்ணாத்தான் உருளும். சாப்பாடுதான்…"

அத்தை நிறுத்திவிட்டாள். கை தன்னையறியாமல் தொண்டைக்குப் போனது. கிண்ணமும் கரண்டியும், ஊதி ஊதி நாக்கில் வைத்துப் பார்த்த முதல் வாயும், சுவரோரம் தனியே உட்கார்ந்து தகர டப்பாவிலிருந்து தின்ற சில்லறையும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் கண்முன் வந்தன. 

"டாக்டர், அந்தக் குச்சியை எடுங்க" என்றாள். "என் தொண்டையைப் பாருங்க."

டாக்டர் பார்த்தார். கிருமி இருந்தது.

"எனக்கு ஒரு சிவப்பும் வரலியே. காய்ச்சல்கூட வரலியே."

"பெரியவங்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான். அந்த விஷத்துக்கு உடம்பு பழகியிருக்கும், அதனால தோல் சிவக்காது. தொண்டை மட்டும் கரகரன்னு இருக்கும், நாம கண்டுக்க மாட்டோம். உங்களுக்கு யார்கிட்டருந்து வந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு பிள்ளைகிட்டருந்துகூட வந்திருக்கலாம். ஆனா கரண்டி எல்லா வாய்க்கும் போயிட்டு வந்திருக்கு."

"நாக்கு சுட்டுடக் கூடாதேன்னுதான் டாக்டர்…"

"தெரியும்மா" என்றார் டாக்டர். "பத்து நாள் மருந்து. நீங்களும் நடுவுல நிறுத்தக் கூடாது. ரெட்டைப் பிள்ளைங்களுக்கும் அந்தப் பையனுக்கும் இன்னைக்கே ஆரம்பிச்சிடலாம். மத்த பிள்ளைங்களையும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, அவங்க தொண்டையையும் பாத்துடலாம். அப்புறம் கடைக்குப் போயி கரண்டி வாங்குங்க. நிறைய வாங்குங்க."

வழியெல்லாம் அத்தை அழுதுகொண்டே வந்தாள். வீட்டில் கணவர் வழக்கம்போல் ஏதோ கேலி சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்டு முடித்ததும் சொன்னார்: "இத்தனை வருஷமா உன் எச்சிலைத்தான் நானும் தின்னுட்டிருக்கேன். என் தொண்டையையும் பாக்கச் சொல்லு." பார்க்கச் சொன்னாள். அவருக்கு ஒன்றும் இல்லை. அதற்கும் ஒரு கேலி வைத்திருந்தார், அது நமக்கு வேண்டாம்.

சாயங்காலம் அம்மாக்களை வரச்சொல்லி கிரில் கதவருகே நிறுத்தி அத்தை சுருக்கமாகச் சொன்னாள். "கிருமி என் தொண்டையில இருக்கு. என் கரண்டியிலதான் உங்க பிள்ளைங்களுக்குப் போயிருக்கு. புதுப் பிள்ளை மேல பழி போட்டது பாவம். நான்தான் போட்டேன். நீங்க சொன்னீங்க, ஆனா கதவை மூடினது நான். வைத்தியம் ஆரம்பிச்சாச்சு. இனி உங்க இஷ்டம், அனுப்பறதுன்னா அனுப்புங்க, வேணாம்னா நான் குறை நினைக்க மாட்டேன்."

தையல்காரி மூக்கை உறிஞ்சினாள். வங்கிக்காரம்மா குனிந்து கீழே கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்தாள். "என் பையன் வேற யார் கையாலயும் சாப்பிட மாட்டான் அத்தை" என்றாள் கடைசியில். மன்னிப்பு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லாதவள், விட்டுவிடுவோம்.

மிச்சமிருந்தது ஒன்று. மருந்து தொடங்கி இரண்டு நாள் கழித்து அத்தை டிப்போவுக்குப் போனாள். பேருந்துகள் வரிசையாக நின்றன, டீசல் புகை, கழுவிவிட்ட தண்ணீர், இரும்புச் சத்தம். நடத்துநர் ஒரு பேருந்தின் படியில் உட்கார்ந்து தோல்பையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சில்லறை பின்சீட்டில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

அத்தை எதையும் மறைக்காமல் சொன்னாள். நடத்துநர் துடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"பிள்ளைய விட இடம் பாக்க இந்த வாரம்தான் கடைசின்னு சொல்லிட்டாங்க" என்றாள். "நாளையோட முடியுது."

"நாளைக்குக் கொண்டு வந்து விடு. உன் கால்ல விழச் சொன்னாலும் விழுறேன்."

"அய்ய, அதெல்லாம் எதுக்கு?" நடத்துநர் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க வேணாம்னு சொன்னதுகூட எனக்குப் பெரிசாத் தெரியல அத்தை. பிள்ளைங்களுக்கு நோவுன்னா யாரா இருந்தாலும் பயப்படுவாங்க. கதவைத் திறக்காமலே பேசினீங்க பாருங்க, அது ரொம்ப நாளைக்கு வலிச்சுது."

 

மறுநாள் விடிந்ததிலிருந்து கிரில் கதவு விரியத் திறந்திருந்தது. காற்றுக்குச் சாத்திக்கொள்ளாமலிருக்கக் கணவரின் கனமான ஸ்பானர் ஒன்றை அண்டக் கொடுத்திருந்தாள். "இன்னைக்கு நான் எதை வச்சு லிஃப்டைக் கழட்டறது?" என்று அவர் கேட்டார், அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிள்ளைகள் ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக, காக்கிச் சீருடையும் பாசிமணிச் சத்தமும் வந்தன. நடத்துநர் வாசலில் ஒரு கணம் நின்று ஸ்பானரைப் பார்த்தாள், பிறகு அத்தையைப் பார்த்தாள். பிள்ளையின் கையை விட்டாள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

மத்தியானம். பாயில் வட்டம் கூடியது. ஆளுக்கொரு கிண்ணம், ஆளுக்கொரு கரண்டி, ஒவ்வொன்றின் காம்பிலும் வெவ்வேறு நிறத்தில் தையல்காரி சுற்றிக் கொடுத்த நூல். சூடு பார்ப்பதற்கு அத்தைக்குத் தனிக் கரண்டி, அது அவள் வாயைத் தாண்டி எங்கும் போகாது. ஒரு ரயில் ஓடிய தடத்தில் இப்போது ஏழு ரயில்கள். கூவுவதற்கு மட்டும் அவள் ஒருத்திதான், தொண்டையும் இப்போது தெளிந்திருந்தது. ஒன்றைக் கீழே வைத்து ஒன்றை எடுத்து, அவளுக்கு மூச்சு வாங்கியது. தொப்பை தன் பச்சை நூல் கரண்டியை யாராவது தொட்டுவிடப் போகிறார்களே என்று காவல் காத்துக்கொண்டிருந்தான்.

சில்லறை வழக்கம்போல் சுவரோரம், தகர டப்பாவோடு. அத்தை அவளைக் கூப்பிடவில்லை. அவளுக்கு என்று வைத்திருந்த நீல நூல் கரண்டியும் கிண்ணமும் வட்டத்தில் அப்படியே இருந்தன. அத்தை அந்தப் பக்கம் பார்க்காமல் மற்றவர்களுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

பாசிமணிச் சத்தம் கிட்டே வந்தது.

"இது யாரோடது?"

"உன்னோடது."

"எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்தான். வேற யார் வாயிலயும் படாது."

சில்லறை நீல நூலைத் தொட்டுப் பார்த்தாள். அத்தையின் வாயைப் பார்த்தாள், மற்றப் பிள்ளைகளின் வாயைப் பார்த்தாள். பிறகு பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, தகர டப்பாவை மூடிப் பக்கத்தில் வைத்தாள்.

அத்தை நீலக் கரண்டியை எடுத்தாள்.  கூவ மறந்துபோனாள்.

"ரயில் சத்தம்?" என்று கேட்டுவிட்டு, சில்லறை வாயைத் திறந்தாள்.